சூரியன் படம் போட்ட பொத்தான்

மெக்கானிக் அகிலா உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது ஏசியை அல்ல, பாவாடைகளை. படுக்கையறையில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, காவியும் பச்சையுமாக முப்பத்திரண்டு பாவாடைகளை என் மனைவி மங்கையர்க்கரசி தொங்கவிட்டிருந்தாள். ஏசி அவற்றின் மேல் சூடாக ஊதிக்கொண்டிருந்தது.

"அரே பாப்ரே! அங்கிள், இது பெட்ரூமா, லாண்டரியா?"

"என்னைக் கேட்டா? அவளைக் கேளு."

இந்த ஏசியின் கதையைச் சொல்லியாக வேண்டும். மாற்றலாகிப் போன ராணுவ அதிகாரி ஒருவர் பதான்கோட் குளிருக்காக வாங்கி வைத்திருந்தது. சூடு, குளிர் இரண்டும் தருகிற வகை. நிக்கோபார் தீவில், இந்தக் கேம்பல் பேயில் யாருக்கு ஐயா சூடு வேண்டும்? எனக்குக் குளிர் போதும் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஜூன் மாதத்தோடு அந்தக் குளிர் போயே போய்விட்டது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அனல்தான். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். தையல்காரியான மங்கைக்கோ கொண்டாட்டம். விடாமல் மழை கொட்டுகிற ஊரில் துணி காய ஓர் அறை கிடைத்தால் விடுவாளா? இரண்டு மாதமாக என் பாய் கூடத்தில்தான்.

நாளைக் காலை பள்ளியில் சுதந்திர தின நடனம். கப்பலில் வெள்ளைத் துணிதான் வந்தது என்று மங்கையே தைத்து, இன்று காலை சாயத்திலும் முக்கினாள். காயாமல் கட்டிவிட்டால் சாயமெல்லாம் பிள்ளைகளின் காலில்தான் இருக்கும். இந்த நேரம் பார்த்து போர்ட் பிளேயரிலிருந்து மெக்கானிக் வந்து நிற்கிறாள். நாலு மணிக்கு அவளுடைய கப்பல். இன்று விட்டால் அடுத்து எப்போதோ.

"ஏங்க, ஓடிக்கிட்டிருக்கறதப் பிரிச்சுப்போட்டு, ஒண்ணுமே வராமப் போச்சுன்னா? பிள்ளைங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"வால்வ மாத்திட்டா சூடு, குளிர் ரெண்டும் வரும் ஆன்ட்டி. பக்கா."

"எத்தனை வால்வு கொண்டாந்திருக்க?"

"ஒண்ணுதான்."

மங்கை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் சூட்டை எந்த ஏசியாலும் தர முடியாது. ஆனாலும் நான் விடவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறதல்லவா?

வீட்டுக்குப் பின்னால் நான் குடை பிடிக்க, அகிலா வெளிப்பெட்டியைத் திறந்தாள். சூட்டை உள்ளே விடுவதா வெளியே விடுவதா என்று திருப்பிவிடுகிற வால்வு அது. நான்கு குழாய்கள் முளைத்த சின்னப் பித்தளை உருளை. சுவிட்சைத் தட்டினாள். 'டிக்' என்றது. வால்வின் மேலிருந்த கம்பிச்சுருளை 'காயில்' என்று காட்டி, ஸ்க்ரூடிரைவரை அதனருகே கொண்டுபோனாள், காந்தம் இழுத்தது. குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சூடு இடம் மாறவே இல்லை. சுத்தியலின் மரப்பிடியால் வால்வை மெல்லத் தட்டியும் பார்த்தாள்.

"காயில் நல்லாத்தான் இருக்கு அங்கிள். உள்ள இருக்கறதுதான் நகர மாட்டேங்குது. ஒரே பிடிவாதம்."

"எங்க வீட்டுச் சாமானாச்சே," என்றேன்.

ஏசிக்குள் இருந்த கேஸை ஒரு சிலிண்டருக்குள் வாங்கி, பழைய வால்வைக் கழற்றிவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"ஆன்ட்டி, ஈரத்துணி ஒண்ணு வேணும்! பத்தவைக்கறப்ப வால்வச் சுத்தி வெக்கணும். இல்லாட்டி உள்ள இருக்கற பிளாஸ்டிக் உருகிரும், புதுசும் பேக்கார், வீணாப் போயிரும்."

அதுவரை முகத்தைத் தூக்கி வைத்திருந்த மங்கை பக்கென்று சிரித்துவிட்டாள்.

"ஈரத்துணியா? இந்த வீட்டுல வேற என்ன இருக்கு!"

முப்பத்திரண்டு பாவாடைகளையும் தாண்டிப் போய், கடைசிக் கயிற்றிலிருந்த என் லுங்கியை உருவிக்கொண்டு வந்தாள். தீ சீறியது. லுங்கியிலிருந்து ஆவி பறந்தது. நான் குடைக்கு வெளியே நனைந்துகொண்டு முருகா முருகா என்றேன். மங்கை சொம்பு சொம்பாக லுங்கியில் தண்ணீர் ஊற்றினாள்.

மூன்று மணிக்கு ஏசி ஓடியது. முதலில் சூடு, பிறகு குளிர். இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. அகிலா ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினாள்.

ஆகா, அந்தக் குளிர்! கண்ணை மூடி நின்றேன். கழுத்து, முதுகு எல்லாம் சில்லிட்டது. இரண்டு மாதத் தவம். கண்ணைத் திறந்தால், எதிரே மங்கை ஒரு பாவாடை விளிம்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். சூடு வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். காவிச் சொட்டு ஒன்று தரையில் விழுந்தது.

பாழாய்ப்போன மனசு. சூரியன் படம் போட்ட பொத்தானை அமுக்கினேன்.

'டிக்' என்றது சுவருக்கு அந்தப்பக்கம். கொஞ்ச நேரத்தில் அனல் இறங்கியது. நானும் ஒவ்வொரு பாவாடையாகத் திருப்பிப் போட ஆரம்பித்தேன். நெற்றியில் வியர்வை வழிந்தது.

"தள்ளி நில்லுங்க. உங்க வேர்வை பட்டுச் சாயம் போயிரப் போகுது," என்று மங்கை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். காற்றில் பாவாடைகள் ஒவ்வொன்றாகக் குடை விரிக்கத் தொடங்கின.