எழுவாய்

பரீட்சைத் தாளில் சிவப்பு மைப் பேனாவால் வீரலட்சுமி பெருக்கல் குறி போடப் போனபோது, கட்டிலில் கிடந்த ஜக்கையன் கேட்டான்: "என்ன எழுதிருக்கு?"

"வினைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டு கேட்டா, ஏலக்காய்னு எழுதிருக்கு ஒரு பிள்ள."

"மலைக்குப் போற வீட்டுப் பிள்ளையா இருக்கும். அதுக்கு ஏலக்காய்னாலே வேலதான? அரை மார்க்காச்சும் போடு."

அவன் சிரிப்பு இருமலானது. நாத்தனார் மருதாயி உள்ளே எட்டிப் பார்த்தாள். "புருஷன் இந்தக் கெடையில கெடக்கான், பேப்பர் திருத்துறதுதான் இப்ப சோலியா?"

"நாந்தேன் திருத்தச் சொன்னேன். நீ போக்கா."

ஈரல் கெட்டுவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி ஒன்பது நாளாகியிருந்தது.

வீரலட்சுமி எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழில் தவறியவள். இலக்கணம் மண்டையில் ஏறவில்லை. கல்யாணமான அடுத்த மாதமே அவளை மறுபடி புத்தகம் எடுக்க வைத்தவன், மூன்றாம் வகுப்போடு நின்ற இந்த ஜீப் டிரைவர்தான். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகுமுன், கஞ்சி குடித்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொல்வான். அவள் பிரித்துச் சொல்ல வேண்டும்.

"ஜக்கையன் ஜீப்பை ஓட்டுறான். எழுவாய் எது?"

"நீங்க."

"பரீச்சையிலயும் நீங்கன்னுதேன் எழுதுவியா?"

"எழுதுறப்ப எழுதிருவேன். வாயால சொல்ல மாட்டேன்."

தேறினாள். டிரெயினிங் முடித்துச் சிலமலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். பதினோரு வருஷத்தில் அவன் பெயரை மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

பேனாவை மூடிவிட்டுக் கட்டிலோரம் குனிந்தாள்.

"இன்னைக்கு நான் ஒண்ணு சொல்றேன், நீங்க பிரிங்க. ஜக்கையன் என்னைய டீச்சராக்குனாரு."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செயப்படுபொருள் நீ," என்றான் மெல்ல.

"எழுவாய்?"

"அத இன்னொருவாட்டி நீயே சொல்லு."

சொன்னாள்.

அன்று மத்தியானம் கொடுத்த பால் தொண்டையில் இறங்கவில்லை. மருதாயியின் ஓலம் கேட்டுத் தெரு கூடியது.

மறுநாள் சாயங்காலம் தூக்கினார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த மூன்று ஜீப்புகள் தெருமுனையில் ஒதுங்கி நின்றன. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் தூக்குவாளிகளோடு இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி வீரலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். காய் பறித்த விரல்கள் கறைபிடித்துச் சொரசொரப்பாக இருந்தன.

பெண்கள் திரும்ப ஏறவில்லை. காலி ஜீப்புகள் மூன்றும் பாடைக்குப் பின்னால் ஹாரன் அடிக்காமல் மெல்ல ஊர்ந்து போயின.