மடியில் ஒரு சொட்டு

விடுதிக் குளியலறை வாளியில் சட்டையை நனைத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக விரல் நுனியால் தேய்த்து, முக்கால்வாசி போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இது என்ன எண்ணெய்?

கை முந்திக்கொண்டுவிட்டது. ஊரில் அவனுக்குச் சலவைக்கடை. விருந்துக்குப் போனாலும் எதிரில் இருப்பவரின் முகத்துக்கு முன் காலரைத்தான் பார்ப்பான். நாற்காலியில் கிடந்த மனைவியின் எலுமிச்சை நிற நீளச் சட்டையில், மடி வரும் இடத்தில் ஒரு சொட்டு. அவளுடைய பவுடரையே எடுத்துத் தூவி, உறிஞ்சவிட்டு, தட்டி, சோப்பைக் குழைத்துத் தடவியது எல்லாம் தன்போக்கில் நடந்தது. இப்போது விரலை முகர்ந்தான். சமையல் எண்ணெய் இல்லை. வெயிலுக்குப் பூசும் கிரீமும் இல்லை. இயந்திர எண்ணெய்.

கடற்கரையில் இயந்திர எண்ணெய் எங்கிருந்து வந்தது?

மதியம் சாப்பிட்டதும் அவன் படுத்துவிடுவான். வருஷமெல்லாம் ஆவியில் வேகிறவனுக்கு வெயில் வேறு எதற்கு. அவள் கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவாள். வந்த புதிதில் அவளுடைய செருப்பிலிருந்து உதிர்ந்த மணல் கட்டில்வரை நெறுநெறுத்தது. நாலைந்து நாளாக அது இல்லை. தரை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. நேற்று ஒரு புதுப் பை வேறு வாங்கி வந்திருந்தாள். கல்யாணமானதிலிருந்து எங்கே போனாலும் இருவருக்கும் ஒரே பெட்டிதான்.

"எதுக்கு இன்னொரு பை?"

"உங்க சட்டை கசங்குதுன்னு நீங்கதானே புலம்புவீங்க. என் துணியை நான் தனியா வெச்சுக்கறேன்."

நாளை மறுநாள் காலையில் ரயில். தனியாக என்ற சொல் அவன் காதிலேயே தங்கிவிட்டது.

விடுதி வாசலில் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறவன் ஒருவன் இருந்தான். கையெல்லாம் கிரீஸ். அவள் படியிறங்கினால் போதும், பல்லெல்லாம் தெரியும். "வண்டி வேணுமா மேடம்? உங்களுக்குன்னா ரேட்டே வேற." அவளும் சிரித்துத் தொலைப்பாள். அன்று சாயங்காலம் அவனைத் தாண்டும்போது அந்தக் கைகளை ஒரு முறை பார்த்தான்.

மறுநாள் மதியம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். மூச்சைக்கூட அளந்து விட்டான். அவள் கட்டிலருகே சற்று நேரம் நின்றாள். தூங்குகிறானா என்று பார்க்கிறாளா, சும்மாதான் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். கட்டிய மனைவியைத் திருடனைப் போலப் பின்தொடர்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. கால் மட்டும் நிற்கவில்லை.

ஸ்கூட்டர்க்காரன் சிரித்தான். அவள் திரும்பவே இல்லை. அந்த ஆறுதல் தெருமுனை வரைதான் நீடித்தது. கடல் வலப்பக்கம். அவள் இடப்பக்கம் திரும்பினாள். பழைய கிடங்குகள் இருந்த தெருவில், இரும்புக் கதவு பாதி இறக்கியிருந்த ஓர் இடத்துக்குள் குனிந்து நுழைந்தாள். தினமும் வந்து பழகிய குனிவு.

எதிர்ப்பக்கச் சுவரோரம் நின்று பார்த்தான். உள்ளே மலைமலையாகப் பட்டை போட்ட தடித்த துணி. கடற்கரைக் குடைகளுக்கானது. பெண்கள் வரிசையாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு பெரிய மிஷினின் முன் உட்கார்ந்து, எண்ணெய் டப்பாவை எடுத்து ஊசித்தண்டில் ஒரு சொட்டு விட்டாள். சொட்டு மடியில் விழாமல் இருக்கத் துணித்துண்டு ஒன்றை விரித்திருந்தாள். அன்றைக்கு விரிக்க மறந்திருப்பாள்.

ஆண்கள் யாரும் இல்லை. அவன் மூச்சு விட்டான்.

"திங்கக்கிழமையிலேர்ந்து அந்த மிஷின் உனக்குத்தான்டி. யாரையும் உக்கார விடமாட்டேன்," என்று தெருவரை கேட்கும்படி சொன்னாள் கல்லாவருகே நின்ற பருமனான பெண். "ஆனா வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டியா இல்லியா?"

அவளுடைய மிஷின் இரைந்து ஓடத் தொடங்கியது. பதில் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. வந்த மறுநாள் மணலில் குடை வாடகைக்குக் கொடுத்தவள். குடை கிழிந்திருந்தது. மனைவி தன் கைப்பையிலிருந்து ஊசிநூல் எடுத்து உட்கார்ந்த இடத்திலேயே தைத்துக் கொடுத்தாள். "ஐயோ, இந்தக் கையை மட்டும் இங்கயே விட்டுட்டுப் போயேன்," என்றாள் குடைக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். அவன்தான் அதிகம் சிரித்தான்.

சலவைக்கடை மூலையில் ஒரு தையல் மிஷின் போடலாம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். 'பாப்போம்' என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். எப்போது கேட்பதை நிறுத்தினாள் என்று அவன் கவனிக்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது கட்டிலில் கிடந்தான்.

"கடல் எப்படி இருந்துச்சு?"

"இன்னிக்கு அலை ஜாஸ்தி."

அவள் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. கிரீஸ் கை ஒன்று இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மிஷினோடு எப்படிச் சண்டை போடுவது?

கிளம்பும் நாள் காலையில் அவள் அந்த எலுமிச்சை நிறச் சட்டையை உடுத்திக்கொண்டாள். கண்ணாடி முன் நின்று மடியைத் தடவினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. மறுபடி தேடியது.

"இதுல ஒரு கறை இருந்துச்சே."

"எடுத்துட்டேன்."

"எப்போ?"

"முந்தாநாள். கை சும்மா இருக்கல."

கண்ணாடிக்குள்ளிருந்து அவள் அவனைப் பார்த்தாள். "என்ன கறைன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எப்படி ஆச்சுன்னு கேக்கலையே."

கடையில் அவன் வைத்திருக்கும் சட்டம் அது. என்ன கறை என்று கேட்கலாம். எப்படி ஆனது என்று யாரையும் கேட்கக் கூடாது. கேட்டால் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடையில் உதவிக்கு அவள் வந்த முதல் நாளே அவளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தான்.

"கவுன்ட்டர்ல நிக்கற ஆளு மாதிரியே இருக்கீங்க," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவள் இறங்கிப்போனாள்.

டாக்ஸி வந்திருந்தது. அவனுடைய பெட்டியை உள்ளே வைத்த டிரைவர் டிக்கியின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார். "அந்தப் பையும் வருதா சார்?"

பை வாசற்படியில் இருந்தது. அவள் அதன் பக்கத்தில் நின்றாள். தூக்கவும் இல்லை, நகரவும் இல்லை. கடற்காற்றில் சட்டை மடியோடு ஒட்டியது. கறை போன இடத்தில் தண்ணீர் காய்ந்த வட்டம் ஒன்று லேசாகத் தெரிந்தது. அவசரத்தில் அவன் சரியாக அலசவில்லை.

"சார், ரயிலுக்கு நேரமாச்சு."

அவன் படியருகே வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் அந்த வட்டத்தையே பார்த்தான்.

"எப்படி ஆச்சு?" என்றான்.

அவள் படியில் உட்கார்ந்தாள். பிறகு பையைத் தன் பக்கமாக இழுத்து, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். டிரைவர் இன்னும் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.