ஆமாம் என்னும் மூச்சு

பள்ளி முதல்வர் நல்ல மனுஷி. பள்ளியில் சேர வந்த குழந்தையைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, "உனக்குப் படம் வரையப் பிடிக்குமா?" என்று எளிய ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆறு வயது ஹெர்மேலா வாயைச் சற்றே திறந்து, "ஹ்" என்று மூச்சை உள்ளே இழுத்தாள்.

"ஓடிப்பிடிச்சு விளையாடுவியா?"

மறுபடியும் "ஹ்".

முதல்வர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "குழந்தைக்கு ஆஸ்துமாவா? எத்தனை நாளா?"

எங்கள் எத்தியோப்பிய ஜனங்களுக்கு அது 'ஆமாம்'. வாயால் சொல்லும் ஆமாமை யாரிடமும் சொல்லலாம். மூச்சால் சொல்வது கொஞ்சம் நெருக்கம். ஜோகன்னஸ்பர்க்கில் மலைமேல் பள்ளி நடத்துகிறவருக்கு அது எப்படித் தெரியும்? தப்பு அவர் மேல் இல்லை.

ஹெர்மேலாவின் அம்மா எமேபெத்துக்குச் சந்தையில் தக்காளி வாங்கும் அளவுக்குத்தான் ஆங்கிலம் வரும். "நோ சிக், நோ சிக்!" என்று இரண்டு கையையும் ஆட்டினாள். அந்தப் பதற்றத்தைப் பார்த்து முதல்வர் நர்ஸையே கூப்பிட்டுவிட்டார். நர்ஸ் வந்து முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "நல்லா மூச்சு விட முடியுதா, கண்ணு?" என்றாள்.

"ஹ்" என்றாள் ஹெர்மேலா. நர்ஸின் முகம் வெளுத்துப்போயிற்று.

கடைசியில் அதே பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மூத்தவள் சோலியானாவை அழைத்து வந்தார்கள். வெட்கத்தில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

"ஆஸ்துமா இல்ல மேடம். எங்க ஆளுங்க 'யெஸ்'ஸுக்கு அப்படிப் பண்ணுவாங்க. சீக்கிரம் விட்டுருவா. எனக்கு ஒரே டெர்ம்ல போயிடுச்சு."

'ஒரே டெர்ம்' மட்டும் எமேபெத்துக்குப் புரிந்தது. அது போதுமானதாக இருந்தது. மூத்தவளிடமிருந்து அந்த மூச்சைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி யோசித்துப் பார்த்தாள். மூன்று வருஷம்.

முதல்வர் சிரித்து, மன்னிப்புக் கேட்டு, சின்னவளுக்கும் இடம் உண்டு, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார். பள்ளி விட்டிருந்ததால் மூவரும் சேர்ந்தே இறக்கத்தில் நடந்தார்கள்.

"ஒரே டெர்ம்ல எப்படிடி போச்சு?"

"பேயைப் பாத்தவ மாதிரி மூச்சு வாங்குறான்னு கிளாஸே சிரிச்சுச்சு. பாத்ரூம் கண்ணாடி முன்னால நின்னு யெஸ், யெஸ்னு சொல்லிப் பழகினேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா? நீதான் பாக்கிறவங்ககிட்டல்லாம் என் பொண்ணு இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குறான்னு சொல்லிட்டுத் திரிஞ்சியே."

உண்மைதான். அந்தப் பெருமையில் எமேபெத்துக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம்தான் வீடு ஊமையாக ஆரம்பித்தது. தோசை மாதிரியான இன்ஜெராவுக்கு மாவு ஊற்றிக்கொண்டே ஏதாவது சொல்வாள். எதிர்ப்பக்கம் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு மூச்சு விழ வேண்டும். விழாது. "யா" என்று ஒன்று வரும், அல்லது அதுவும் வராது. கேட்கிற ஆள் எதிரில் இருக்கும்போதே அந்த ஆளுக்காக ஏங்குவது எவ்வளவு பெரிய கொடுமை!

கணவன் கிர்மாவுக்கு, எங்கள் ஜனங்களின் கடைகள் நிறைந்த ஜெப்பித் தெருவில் போர்வைக் கடை. சாயங்காலம் அவன் வந்து சாப்பிட்டு முடித்ததுமே எமேபெத் ஆரம்பித்துவிட்டாள். சோலியானா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கிர்மா, சின்னவளை மலைப் பள்ளிக்கு அனுப்பல. உன் கடைக்கு எதிர்ல, மூணாவது மாடியில ஒண்ணு இருக்கே, அங்க சேப்போம்."

"அதுவா? மொட்டை மாடிதான் மைதானம் அங்க!"

"பாதிப் பிள்ளைங்க நம்ம பிள்ளைங்க. கடைசிப் பீரியட்ல நம்ம பாஷை, அம்ஹாரிக் சொல்லித் தராங்க."

"அம்ஹாரிக் படிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? ஒரு மூச்சுக்காகப் பள்ளிக்கூடத்தை மாத்தினோம்னு சொன்னா ஜெப்பியே கைகொட்டிச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ பொழுது விடிஞ்சா நம்ம ஆளுங்களோட இருக்க. நாள் பூரா உனக்கு நூறு பேர் ஆமாம் சொல்றாங்க. எனக்குச் சின்னவ ஒருத்திதான்."

"அப்ப இது பிள்ளைக்கா, உனக்கா?"

"எனக்குந்தான்" என்றாள் எமேபெத். பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "என் பிள்ளை என்கூடப் பேசணும், கிர்மா. அவ்வளவுதான்."

கிர்மா அவளையே பார்த்தான். பிறகு, "ஹ்" என்று மூச்சை இழுத்தான்.

எமேபெத் நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் சோலியானா நின்றிருந்தாள். கையில் ஈரம் சொட்டும் பெரிய சாப்பாட்டுத் தட்டு.

"எனக்காக மட்டும் ஏம்மா இப்படிச் சண்டை போடல?"

எமேபெத் எழுந்து அவளருகே போனாள். "தெரியாமப் போச்சு, என் தாயே. நல்லதுன்னுதான் நெனைச்சேன்."

சோலியானா தட்டைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு, யாரையும் பார்க்காமல், "அந்த ஸ்கூல்ல எட்டாங்கிளாஸ் இருக்கா?" என்றாள்.

கிர்மா தலையைக் குனிந்துகொண்டான். கடைக்கு எதிரில் இருக்கிற பள்ளி, அவனுக்குத் தெரியாதா? ஆனாலும் பதிலை எமேபெத்துக்கே விட்டுவிட்டான்.

"ஏழாவது வரைக்குந்தான், கண்ணு."

"ஓகே" என்றாள் சோலியானா.