மூன்றாவது சரணத்துக்கு விடுமுறை

அரசு வானொலியின் சேர்ந்திசைக் குழுவில் கடைசி வரிசைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. தேசிய கீதத்தில் மூன்றாவது சரணம் வரும்போது அவர்கள் நான்கு பேரும் வாயை மூடிக்கொள்ளலாம். குழுத்தலைவர் இடது கையில் இரண்டு விரல்களைத் தாழ்த்துவார். அதுதான் அடையாளம். நான்கு வாய்களும் மூடும், முன்வரிசை பாடும். ஆறு வரிகளில் இரண்டு இவை:

கரிமுகத்தார் கைகட்டி நிற்க,
ஒளிமுகத்தார் ஆளும் நாடே!

பாடி முடித்ததும் விரல்கள் உயரும். கரிமுகத்தார் நான்கு பேரும் எதுவுமே நடக்காததுபோல் வாயைத் திறந்து, நாலாவது சரணத்தில் மலையையும் நதியையும் வாழ்த்துவார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் இப்போதைய குழுத்தலைவர்தான். முந்தையவர் காலத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் பாடித் தொலைக்க வேண்டியிருந்தது. இவர் மனசு இளகிய மனிதர். இளகிய மனசு தன்னுடையது என்பதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிற மனிதரும்கூட. வெளியூர் விருந்தாளி யாராவது ஒத்திகை பார்க்க வந்தால், அந்த இரண்டு விரல்களைத் தாழ்த்திக் காட்டி விளக்கம் சொன்ன பிறகுதான் காபியில் வாய் வைப்பார். முன்வரிசைக்காரர்களோ அதை 'மூணாவது சரணம் லீவு' என்பார்கள். உங்களுக்கென்ன, நடுவில் ஓய்வு கிடைக்கிறது, எங்கள் தொண்டைதான் வறண்டு போகிறது என்று அலுத்துக்கொள்வார்கள்.

அந்தக் கடைசி வரிசையில் ஓரமாக நின்றவளுக்குத் தூண் என்று பட்டப்பெயர். அவளுடைய கனத்த கீழ்க்குரல்தான் மொத்தப் பாட்டையும் தாங்கி நிற்கிறது, அதனால்தான் அந்தப் பெயர் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். மூன்றாவது சரணத்தில் அசையாமல் நிற்கிறாளே, அதனால் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். இரண்டும் அவள் காதில் விழும். அவளுடைய முன்னோர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து நிலக்கரிச் சுரங்கத்தில் இறக்கியவர்களின் கொள்ளுப்பேரன்கள்தான் முன்வரிசையில் நின்றார்கள். சுரங்கத்தை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. பாட்டை மட்டும் யாரும் மூடவில்லை.

தூணுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. விடுதலை நாளன்று பெரிய மைதானத்தில் ஒருவர் தனியாக முன்னால் வந்து நின்று கீதத்தைப் பாடுவார். குழு அவருக்குப் பின்னால் நிற்கும். வருஷா வருஷம் அந்த இடத்துக்கு முன்வரிசையிலிருந்து யாராவது ஒரு மெல்லிய குரல் போகும், காற்றில் கிழியும், குழுத்தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த இடத்தில் தான் நின்றால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனையோ தடவை பாடிப் பார்த்திருக்கிறாள். வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. குரல் இன்னும் இரண்டு மூன்று வருஷம் தாங்கினால் அதிகம்.

இப்படி இருக்கும்போதுதான் கீதத்துக்கு நூறு வயது ஆனது. கூடவே ஒரு வம்பும் வந்தது. கல்லூரி மாணவி ஒருத்தி, அந்த மூன்றாவது சரணம் இனவெறி இல்லாமல் வேறு என்ன என்று பத்திரிகையில் கேட்டுவிட்டாள். நூறு வருஷமாகப் பாடியவர்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் அதில் வார்த்தைகள் இருப்பதே தெரிந்ததுபோல் ஊரே அதிர்ச்சி அடைந்தது. அரசாங்கம் வழக்கப்படி ஒரு விசாரணைக் கமிட்டி அமைத்தது. அதில் மூன்று பேர்.

தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. இரண்டாமவர் வரலாற்றுப் பேராசிரியர். கரிமுகம் என்பது தோலைச் சொல்லவில்லை, தொழிலைச் சொல்கிறது என்று நிரூபிக்க இவர் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அப்படியானால் ஒளிமுகத்தார் என்ன, விளக்கு விற்றவர்களா என்று அவரை யாரும் கேட்கவில்லை. மூன்றாமவர் கீதத்தை எழுதியவரின் பேரன். பேரனாகப் பிறந்ததைத் தவிர அவர் வாழ்க்கையில் ஒரு துரும்பையும் கிள்ளிப் போட்டதில்லை. கீதம் எங்கே ஒலித்தாலும் காதில் விழுந்தவர் எழுந்து நிற்க வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம். அந்தச் சட்டத்தை அவர் ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார். கல்யாண விருந்தில் திடீரென்று தாத்தாவின் பாட்டை எடுத்துவிடுவார். வாயில் பாதி சோற்றோடு சபையே எழுந்து நிற்கும். அதைப் பார்த்து அவருக்கு ஒரு பூரிப்பு.

பாதிக்கப்பட்டவர்களின் கருத்தையும் கேட்டோம் என்று எழுத வேண்டுமே என்பதற்காகக் கமிட்டி ஒரு கரிமுகத்தைத் தேடியது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற, அதிர்ந்து பேசாத முகமாக இருந்தால் நல்லது. குழுத்தலைவர் தூணைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நூற்றாண்டு விழாவில் தனிப்பாடல் அவளுக்குத்தான் என்று சொன்னார். அவளுடைய ஜனத்திலிருந்து முதல் ஆள், சரித்திரம், அது இது என்று அடுக்கினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"கமிட்டியில ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. அந்தச் சரணம் உங்க மனசை நோகடிக்குதான்னு. இல்லைன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான்."

"அன்னிக்கு அந்தச் சரணத்தையும் நான்தான் பாடணுமா?"

"நீங்க பாடினாத்தான் அதுக்கு ஒரு அழகு. உங்க வாயாலயே வந்துடுச்சுன்னா அப்புறம் யாரு என்ன பேச முடியும்?"

அவருக்குத் தான் சொன்னது உறைக்கவே இல்லை. அவளுக்கு உறைத்தது. ஆனாலும் மனசு மைதானத்துக்கு ஓடிவிட்டது. அவளை யோக்கியமாக்கிக் காட்டுவதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை: அந்த இடம் கிடைக்கும் என்றதும் அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், எதையும் உயரத்திலிருந்து பார்த்தே பழக்கப்பட்டவன். பொய்தானே, சொல்லிவிட்டுப் போ என்றான். மேஸ்திரியிடம் தினமும் வணக்கம் சொல்கிறேனே, அது மட்டும் என்ன உண்மையா என்றும் கேட்டான். அவள் சொல்லிவிடுவது என்றே முடிவு செய்தாள். தலை வாரும்போது கண்ணாடியைப் பார்த்து, "இல்லைங்க, எனக்கு ஒண்ணும் தோணல" என்று சொல்லிப் பார்த்தாள். மூன்று நான்கு தடவையில் நன்றாகவே வந்தது.

கமிட்டி கூடிய அறையில் ஏசி எலும்பைத் துளைத்தது. நீள மேஜை, ஒரு தட்டில் பிஸ்கட், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். அவளுக்கும் ஒன்று வைத்திருந்தார்கள். அதை மூன்று பேரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். உங்கள் ஆட்களுக்குச் சங்கீதம் ரத்தத்திலேயே ஊறியது என்றார் பேராசிரியர். எங்கள் தாத்தா உங்கள் ஜனத்துச் சமையல்காரி கையால்தான் கடைசிவரை சாப்பிட்டார், அவருக்கா வெறுப்பு என்றார் பேரன். அந்தச் சமையல்காரி எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று தூணுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேள்விக்கு வந்தார். அந்தச் சரணம் உங்களைப் புண்படுத்துகிறதா?

அவள் வாயைத் திறந்துவிட்டாள். அந்தப் பொய் இன்னும் ஒரு மூச்சில் வெளியே வந்திருக்கும். மைதானமும் அவளுடையதாகியிருக்கும். பேரனுக்குத்தான் பொறுக்கவில்லை. இந்த அம்மா அதைப் பாடியதே கிடையாது, குழுவில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறவர், வெறும் காகிதத்தில் பார்த்து என்ன தெரியும், பாட்டாகக் கேட்டால்தான் தாத்தாவின் உள்ளம் புரியும் என்று சொல்லிக்கொண்டே எழுந்து, நெஞ்சில் கையை வைத்துப் பாட ஆரம்பித்துவிட்டார்.

நாற்காலிகள் கீச்சிட்டன. நீதிபதி எழுந்தார். பேராசிரியர் பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் இருந்த பியூன்கூட விறைத்து நின்றான். பேரன் சுருதியை எங்கேயோ தொலைத்துவிட்டுப் பாடினார், அதுவும் அவள் முகத்தைப் பார்த்து, ஒரு பரிசு கொடுக்கிறவனின் சிரிப்போடு. கரிமுகத்தார் கைகட்டி நிற்க என்ற இடத்தில், இவள் மட்டும் உட்கார்ந்திருப்பதை நீதிபதி கவனித்தார். எழுந்து நில் என்று கையால் சைகை காட்டினார்.

வீரம் என்றெல்லாம் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. இவ்வளவு முட்டாளான மூன்று பேர் முன்னால் எழுந்து நிற்க அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான். பயம்கூட வரவில்லை. இவர்களுக்காகவா கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தோம் என்று தன்மேலேயே ஒரு அருவருப்பு வந்தது. பேரன் பாடி முடித்து மூச்சு வாங்கினார். நீதிபதி முகம் சிவந்திருந்தது.

"தேசிய கீதம்மா. எழுந்து நிக்கணும்னு தெரியாதா?"

"தெரியும்ங்க. சட்டம் சொல்லுதுன்னு நிக்கச் சொன்னீங்களா, பாட்டு சொல்லுதுன்னு நிக்கச் சொன்னீங்களா? அதைச் சொல்லுங்க, நிக்கிறேன்."

பேராசிரியர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். பேரனுக்கு விஷயமே விளங்கவில்லை. பாட்டு எப்படி இருந்தது என்று அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

அறிக்கை வெளிவந்தது. மூன்றாவது சரணம் யாரையும் இழிவுபடுத்தவில்லை என்று முதல் பக்கத்திலேயே தீர்ப்பாகிவிட்டது. விசாரணைக்கு வந்த பெண் கீதத்தை அவமதித்தாள் என்று அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். கடைசியில், சிலருடைய உணர்வுகளை மதித்து, நூற்றாண்டு விழாவில் மட்டும் அந்தச் சரணத்தைச் சொற்கள் இல்லாமல் மெட்டாக முனகலாம் என்று பெருந்தன்மை காட்டியிருந்தார்கள். பத்திரிகைகள் அதை நடுநிலை என்று மெச்சின. தூணை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். குழுத்தலைவர் போனில் கூப்பிட்டு, நான் உங்களுக்காக எவ்வளவு செய்தேன், என் விரலையே தாழ்த்தினேனே, இப்படிச் செய்துவிட்டீர்களே என்று உடைந்துபோன குரலில் பேசினார். அவர் பேசி முடிக்கும் முன்பே அவள் போனை வைத்துவிட்டாள்.

வைத்துவிட்டு அழுதாள். நாட்டுக்காகவும் இல்லை, இனத்துக்காகவும் இல்லை. அந்த மைதானத்துக்காக அழுதாள். கணவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். பொய் சொல்லியிருக்கலாமே என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆறுதல் சொல்ல வந்தது பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் மனைவி மட்டும்தான். ஒளிமுகம்தான், ஆனால் நல்லவள் என்று அந்தக் கட்டடத்தில் பெயர் எடுத்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். தூணுக்குக் காய்ச்சல் வந்தபோது கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவள். உள்ளே வந்து தூணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா. அந்தப் பாட்டெல்லாம் இந்தக் காலத்துல யாருக்கு ஞாபகம் இருக்கு? எனக்கே ரெண்டு வரிக்கு மேல வராது. அதைப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு."

தூணுக்கு அது இதமாகத்தான் இருந்தது. இவர்கள் எல்லோருமே பேரன்கள் இல்லையே என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த சில வாரங்களைத் தள்ளினாள்.

விழா நாள் மாலையில் கணவன் வேண்டாம் என்று சொல்லியும் டிவியைப் போட்டாள். மைதானம் நிரம்பி வழிந்தது. அவள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய குரல் நின்று காற்றில் கிழிந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் மீதி மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாவது சரணம் வந்தது. குழுத்தலைவர் இரண்டு கைகளையும் மெதுவாக அசைக்க, குழு முனக ஆரம்பித்தது. ஒரு வரிகூடப் போயிருக்காது. மைதானத்தின் ஒரு மூலையில் யாரோ வார்த்தையை எடுத்துக்கொடுத்தார்கள். அடுத்த மூலை பிடித்துக்கொண்டது. கரிமுகத்தார் கைகட்டி நிற்க என்று அத்தனை ஆயிரம் பேரும் தொண்டை நரம்பு புடைக்கப் பாடினார்கள். யாரும் கோபமாக இல்லை. சிரித்துக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஏதோ தொலைந்துபோன பொருள் திரும்பக் கிடைத்ததுபோல் பாடினார்கள். குழுத்தலைவர் கைக்குட்டையை எடுத்தார்.

கணவன் எழுந்துபோய் டிவியை அணைத்தான். படம் போனது. பாட்டு போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று பாடினார்கள். மருந்துக்கடைக்காரரின் கட்டைக்குரல், அதற்கு மேலே அவருடைய மனைவியின் குரல். மூன்றாவது சரணம் முழுவதையும், ஆறு வரிகளையும், எங்கேயும் தடுமாறாமல் பாடி முடித்தாள். தூண் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மாடிப்படியில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவி குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் குரல் இல்லாமல் நேற்று ஒன்றுமே நன்றாக இல்லை அக்கா என்று மனசாரச் சொன்னாள்.

"உங்க வீட்டுப் பாட்டு கேட்டுச்சு," என்றாள் தூண். "ஒரு வார்த்தைகூட விட்டுப் போகல."

மருந்துக்கடைக்காரர் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நிஜமாவா அக்கா? நீங்களே சொல்றீங்கன்னா சரியாத்தான் பாடியிருப்பேன்," என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள்.