தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில்

அந்தப் படம் ஊற்றிக்கொண்டதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ராக்கெட்டைப் பார்த்தால் குக்கர் மாதிரி இருக்கிறது என்றார்கள். ஹீரோவுக்குச் சண்டையே இல்லை என்று ஒரு கூட்டம் குறைபட்டுக்கொண்டது. ஆளே இல்லாத நிலாவில் அவர் யாரைப் போய் அடிப்பார் என்று இன்னொரு கூட்டம் அவருக்கு வக்காலத்து வாங்கியது. நம்ம ஜனங்களுக்கு விஞ்ஞானம் ஏறாது என்று படித்தவர்கள் சொன்னார்கள். எந்தப் படம் விழுந்தாலும் அவர்கள் அப்படித்தான் ஏதாவது சொல்வார்கள். உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு பல் டாக்டர். அதுவும் வெளியான அன்றே, காலைக் காட்சி இடைவேளையில், கையில் பாப்கார்னோடு. கண்டுபிடித்தது என்ன என்று அவருக்கே தெரியாது.

அவர் எடிட்டரக்காவின் வீட்டுக்காரர். படத்தைத் தொகுத்தவள் அவள். இயக்கியவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவன் அக்கா அக்கா என்று கூப்பிட்டதில் படக்குழுவே அவளை எடிட்டரக்கா ஆக்கிவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த கேமராமேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அன்று காலை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓரத்து இருக்கையில் பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும் இருந்தாள். திரையை அவள் பார்க்கவில்லை. அதில் எது எப்போது வரும் என்பது அவள் விரலுக்கே தெரியும். அவள் பார்த்துக்கொண்டிருந்தது தலைகளை. படம் பிடித்துப்போனால் இருட்டில் தலைகள் ஆடாது. நிலாவின் விளிம்பில் ஆராய்ச்சி நிலையம் எழுந்து வந்தபோது ஒரு தலையும் ஆடவில்லை, விசில் பறந்தது. தம்பி ஜெயித்துவிட்டான் என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் தலைகள் ஆட ஆரம்பித்தன.

கதை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. நிலாவில் இருக்கும் நிலையத்தில் ஒரு விபத்து. ஒரு மெக்கானிக்கும் அவனுடைய சின்ன மகளும் மட்டும் மிச்சம். ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய ராக்கெட்டில் அப்பன் ஏறிப் பூமிக்குப் போகிறான், மகள் அங்கேயே நிற்கிறாள். உதவியைக் கூட்டிக்கொண்டு அவன் திரும்பி வரப் படுகிற பாடுதான் மீதிப் படம். அப்பன் கதவை மூடிக்கொண்டு கிளம்பிய அந்த இடத்திலிருந்து அரங்கம் கலகலத்துப்போனது. முன் வரிசையில் ஒரு போன் வெளிச்சம், பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒருவர் எழுந்து பாத்ரூம் போனார். திரும்பி வந்தவர் நின்று நிதானமாக வந்தார், எதையும் தவறவிட்ட அவசரம் அவரிடம் இல்லை.

இடைவேளையில் பல் டாக்டர் பாப்கார்னை நீட்டினார். வாயைத் திறந்துகொண்டு கிடப்பவர்களிடம் கேள்வி கேட்டே பழகியவர் அவர், பதிலை எதிர்பார்க்கவே மாட்டார்.

"ஆமா, இவன் எதுக்குப் பொண்ணை அம்போன்னு விட்டுட்டு ஓடிப் போறான்?"

"ஓடிப் போறானா? அதான் தண்ணித் தொட்டி பக்கத்துல உக்காந்து பேசினாங்களே."

"எந்தத் தண்ணித் தொட்டி?"

"தூங்கிட்டீங்களா?"

"நீ வேற. பக்கத்துல ஒருத்தன் காலை ஆட்டிக்கிட்டே இருந்தான், தூக்கம் எங்கேருந்து வரும்? தொட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் நடந்து வந்தாங்க, கதவு மூடுச்சு, ராக்கெட் கிளம்புச்சு. அந்தாளைப் பிடிச்சு நாலு சாத்தலாம்னு வந்துச்சு எனக்கு."

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. அந்தக் காட்சி படத்தில் இல்லை. அதை வெட்டி எடுத்தவள் அவள்தான்.

தொட்டிப் பக்கத்தில் அப்பனும் மகளும் உட்கார்ந்திருப்பார்கள். இருக்கிற காற்று இரண்டு பேருக்குப் பத்தாது. ஒருவர் கிளம்பினால் மற்றவருக்கு, உதவி வரும்வரை, தாங்கும். குழந்தைக்கு ராக்கெட் ஓட்டத் தெரியாது. இதை எப்படிச் சொல்வது என்று அப்பன் திணறிக்கொண்டிருப்பான். காற்று அளவு காட்டும் முள்ளை மகள் ஏற்கெனவே பார்த்திருப்பாள். அவளே சொல்வாள்: "நான் கம்மியா மூச்சு விடுறேம்ப்பா. நீங்க போயிட்டு வாங்க." அவ்வளவுதான் காட்சி. எடுத்த அன்று விளக்குப் பிடித்தவர்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள்.

தொட்டித் தண்ணீரில் பூமியின் நிழல் விழ வேண்டும் என்பது தம்பியின் ஆசை. கிராபிக்ஸ் கம்பெனி முதலில் அனுப்பிய பூமி எலுமிச்சம்பழம் மாதிரி மிதந்தது. அடுத்த தடவை பூமி சரியாக வந்தது, குழந்தையின் தலைமுடி ஓரமெல்லாம் பின்னால் கட்டியிருந்த திரையின் பச்சை அடித்தது. "சரியா வர்ற வரைக்கும் இதை எடுத்து ஓரமா வைக்கா" என்றான் தம்பி. வைத்தாள். அதற்குப் பிறகு நிலைய விபத்துக் காட்சி, பின்னணி இசை, வெளியீட்டுத் தேதி என்று தலைக்கு மேல் வேலை. ஓரமாக வைத்தது ஓரமாகவே இருந்துவிட்டது.

ஒருவருக்கும் உறைக்கவில்லை என்பதுதான் கொடுமை. தயாரிப்பாளர் பார்த்தார், இசையமைப்பாளர் பார்த்தார், ஹீரோ மூன்று தடவை பார்த்தார். எல்லோரும் கதை கேட்டவர்கள், அந்தக் குழந்தை பேசியதை நேரில் பார்த்தவர்கள். திரையில் கதவு மூடும்போதே அவர்களுக்குக் கண் கலங்கிவிடும். வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். கட்டின புருஷனுக்குக்கூட அவள் மூச்சுவிடவில்லை. கதை வெளியே போய்விடும் என்று பயந்து பயந்து பொத்தி வைத்தார்கள். கடைசியில் அது படத்துக்குள்ளேயும் வரவில்லை.

பின்பாதியை அவள் முள்மேல் உட்கார்ந்து பார்த்தாள். முடிவில் அப்பன் திரும்பி வருவான், கதவு திறக்கும், இத்தனை நாளும் மூச்சை மிச்சம் பிடித்த மகள் நெஞ்சு நிறையக் காற்றை இழுப்பாள். வசனமே கிடையாது. அந்த இடத்தில் எடிட்டிங் அறையே அழும். இங்கே நடுவரிசையில் ஒருவன், "யாராச்சும் டாக்டரைக் கூப்பிடுங்கப்பா, புள்ளைக்கு இழுக்குது" என்றான். அரங்கம் சிரித்தது. அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளும் அவர்களில் ஒருத்தியாக இருந்தால் சிரித்திருப்பாள்.

வெளியே வந்ததும் தயாரிப்பாளருக்குப் போன் போட்டாள்.

"சார், தொட்டி சீன் படத்துல இல்ல."

"அப்ப நான் எதுக்கும்மா அழுதேன்?" என்றார்.

"பூமி வேணாம், நிழல் வேணாம். ரெண்டு முகம் போதும் சார், பின்னாடி இருட்டாக்கிடறேன். ராத்திரிக்குள்ள தயார் பண்ணி அனுப்பிடலாம்."

"சாயங்காலம் தியேட்டர்காரங்க உக்காந்து நாளைக்கு எத்தனை ஷோன்னு முடிவு பண்ணிடுவாங்க. அதுக்குள்ள அவங்ககிட்ட எதையாவது சொல்லியாகணும். ஆனா உன் தம்பி ஒப்புக்காம நான் கை வைக்க முடியாது, ஒப்பந்தம் அப்படி. அவன் போனை எடுக்க மாட்டேங்கறான். எங்க இருந்தாலும் கையோட கூட்டிட்டு வா."

தம்பி எங்கே இருப்பான் என்பது அவளுக்குத் தெரியும், எந்த அரங்கில் என்பதுதான் தெரியாது. வெளியீட்டு நாளில் தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டு தியேட்டர் தியேட்டராகக் கடைசி வரிசையில் போய் உட்காருவது அவன் வழக்கம். பல் டாக்டர் அன்று பார்க்க வேண்டியவர்களையெல்லாம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கார் எடுத்தார். "பல்லு ஒரு நாள் பொறுத்துக்கும்" என்றார். சிக்னலில் நின்றபோது அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். "அதை ஒடைச்சாலும் பச்சை விழாது" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்ன வயதில் ஒரே அறையில் இரண்டு கட்டில். விளக்கை அணைத்த பிறகு அவன் கதை சொல்வான், இவள் "ஏன்?" என்பாள். ராஜா ஏன் போனான், பேய் ஏன் பொய் சொல்லுச்சு. "சும்மா நொய்நொய்னு ஏன் ஏன்னு கேக்காதக்கா" என்று கத்துவான், ஆனாலும் காரணம் ஒன்றைத் தேடிப்பிடித்துச் சொல்லிவிடுவான். அந்த ஏனைக் கேட்கத்தான் பின்னால் அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். இந்தப் படத்தில் அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவள் ஆகிவிட்டாள். அதை நினைக்க அவளுக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. இந்தப் படம் படுத்தால் அவனை நம்பி இனி எவனும் ஒரு கல்யாண வீடியோகூடக் கொடுக்க மாட்டான்.

இரண்டு அரங்குகளில் அவன் இல்லை. இரண்டாவதில் வெளியே வந்துகொண்டிருந்த ஒரு அம்மாள், "பெத்த பொண்ணை விட்டுட்டுப் போறவனெல்லாம் ஒரு ஹீரோவா?" என்று தன் தங்கையிடம் பொரிந்துகொண்டே போனாள். எடிட்டரக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாவது அரங்கில், மதியக் காட்சியில், கடைசி வரிசையில் தொப்பி தெரிந்தது. இருட்டில் தட்டுத்தடுமாறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வந்துட்டியா. பாருக்கா, எப்படிப் பாக்கறாங்கன்னு பாரு. காலையில ரெண்டு இடத்துல எழுந்து போனாங்க. ஏன்னே தெரியல. புரியலயா, இல்ல புரிஞ்சுக்க இஷ்டமில்லையா?"

"தம்பி, வெளிய வா. பேசணும்."

"இரு. தொட்டி வரப்போகுது."

திரையில் அப்பனும் மகளும் நடைபாதையில் நடந்து வந்தார்கள். காட்சி வெட்டுப்பட்டது. கதவு மூடியது. அவள் திரையை விட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே அவன் கண்கள் எங்கேயோ நிலைத்திருந்தன. உதடு அசைவது துணிக்குள் தெரிந்தது. ராக்கெட் கிளம்பி நிலாத் தூசி பறந்துகொண்டிருந்தபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அந்தப் புள்ள என்னமா நடிச்சிருக்கு பாரேன்" என்றான்.

"தம்பி, அந்த சீன் படத்துல இல்லடா."

"எது?"

"தொட்டி சீன். ஓரமா வைன்னு சொன்னியே, வெச்சேன். திரும்பச் சேக்கவே இல்ல."

அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பார்வை. "என்னக்கா உளர்ற? இப்பத்தானே பாத்தேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. அவனாகத் திரையைப் பார்த்தான், முன்னால் ஆடிக்கொண்டிருந்த தலைகளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

அவர்களுக்கு நேர் முன்னால் இருந்த வரிசையில் அப்பாவோடு வந்திருந்த ஒரு சின்னப் பெண் சத்தமாகக் கேட்டாள்: "ஏம்ப்பா அந்தப் பாப்பாவை விட்டுட்டுப் போறாரு?"

"தெரியலையேம்மா" என்றார் அவள் அப்பா. "கிளம்பலாமா? வீட்டுக்குப் போயிடலாமா?"

தம்பி முகமூடியைக் கழற்றினான். முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"பாப்பா, அவரு விட்டுட்டுப் போகல. அங்க ஒருத்தருக்குத்தான் காத்து இருக்கு. ரெண்டு பேரும் இருந்தா ரெண்டு பேருக்கும் பத்தாது. அவரு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறாரு. அந்தப் பொண்ணு இருக்கில்ல, அதுவே சொல்லுது, நான் கம்மியா மூச்சு விடுறேம்ப்பா, நீங்க போயிட்டு வாங்கன்னு."

கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்ன அதே குரல். அவள் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. சின்னப் பெண் அவனையே பார்த்தாள். பிறகு வாயை இறுக்க மூடிக்கொண்டு, மூக்கால் மெல்ல மெல்ல மூச்சு விட்டபடி திரையின் பக்கம் திரும்பினாள். அவள் அப்பா கிளம்புவதை மறந்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கழித்து அவர் பின்னால் திரும்பினார்.

"சார் ஏற்கெனவே இந்தப் படத்தைப் பாத்துட்டீங்களா?"

"இல்ல சார்" என்றான் தம்பி. "இப்பத்தான் மொதத் தடவையாப் பாக்கறேன்."