சுக்கான் பிடித்தவளின் முகம்

ஆகஸ்ட் 14. படகில் ஏழு பேர் என்று நேற்று எழுதியது பிழை. ஆறு பேர்தான். ஏழாவது தலையென்று நான் எண்ணியது சுருட்டி வைத்த பாய்.

நாட்குறிப்பில் இந்தப் பிழையைத் திருத்திவிட்டுத்தான் அவள் தேவாலயத்துக்குக் கிளம்பினாள். மாலை வகுப்பில் ஓவிய வரலாறு படிக்கிறவள். கப்பல் உடைந்து தத்தளித்தவர்களைத் தீவுக்காரர்கள் கரைசேர்க்க, பிழைத்தவர்கள் நன்றிக்காகக் கட்டிய கோயில் அது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில், பழைய சுவரோவியமாக அந்த மீட்புப் படகு தெரிந்தது. சுக்கான் பிடித்திருந்தவள் ஒரு பெண். ஊர்க்கதையிலோ அத்தனை பேரும் ஆண்கள். முகத்தைக் காட்டாமல் யார் நம்புவார்கள்?

"சுவத்துல விரல்கூட படக்கூடாதும்மா. உன்னை நம்பித்தான் தரேன்" என்றுதான் பாதிரியார் சாவியைக் கொடுத்திருந்தார்.

காய்ந்த சுவரில் நிறம் மங்கிக் கிடந்ததால் கேமராவுக்கு எதுவும் பிடிபடவில்லை. கண்ணால் பார்த்துத்தான் வரைந்தாள். ஓரத்தில் தொடங்கி உள்ளே போவது அவள் வழக்கம். துடுப்பு, அலை, கைகள். கை நன்றாகப் பழகட்டும் என்று முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

இன்று முகம் இருந்த இடத்தில் வெளிறிய திட்டு. கீழே பழுப்பாய் வழிந்த கோடு. பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவளுடைய அக்கா.

"அக்கா, இது யார் வேலை?"

"ஏண்டி முறைக்கிறே? டூர் படகுல வந்தவங்க கேட்டாங்க, காட்டினேன். ஈரத்துணியால ஒத்தினதும், அம்மாடி, எப்படிப் பளிச்சுனு எழுந்தா தெரியுமா!"

"சாவி?"

"நம்ம வீட்டு ஆணியிலதானே தொங்குது? ஈரம் பட்டா நிறம் எழும்னு நீதானே சொன்னே!"

"அதே மூச்சுல, கரைஞ்சிடும்னும் சொன்னேனே!"

"ஆமா, சொவத்தையே நீதான் கட்டின மாதிரி! நாலு பேர் பார்த்தா என்ன குறைஞ்சிடும்? எல்லாரும் போன்ல படம் புடிச்சிட்டுச் சந்தோஷமா போனாங்க."

ஊர் பேர் தெரியாத யார் யாரிடமோ அந்த முகம் இருந்தது. அவளிடம் இல்லை.

அக்காவின் குரல் இறங்கியது. "மழைத்தண்ணி ஒழுகிடுச்சுன்னு சொல்லிடேன். கூடப்பொறந்தவளைக் காட்டிக் குடுப்பியா?"

வேலியே பயிரை மேய்ந்துவிட்டு நியாயம் கேட்கிறது. வீட்டுக்கு வந்தாள். நாட்குறிப்பைத் திறந்து பேனாவை எடுத்தாள். இரண்டு முறை எழுதி அடித்தாள். மூன்றாவதை அடிக்கவில்லை.

நாளை: காலையில் பாதிரியாரைப் பார்த்து, சுவரை நனைத்தது அக்கா என்று சொல்ல வேண்டும். சாவியை யாரும் எடுக்கும்படி ஆணியில் மாட்டி வைத்தது நான் என்றும்.