கால் மில்லி

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் தம்பியின் கார் பந்தயக் கோப்பைகளைத்தான் வாய் பிளந்து பார்த்தார்கள். அந்தக் காரின் இன்ஜினுக்குச் சிலிண்டர் கடைந்து கொடுத்த அண்ணனுக்கு ஒரு தலையசைப்புகூடக் கிடையாது. கட்டிய மனைவியே, "என் கொழுந்தன் வளைவுல திரும்புறத பாக்கணுமே!" என்று பூரித்துப்போனாள். அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அடுத்த பந்தயத்துக்காக அண்ணனின் பட்டறைக்கு இன்ஜின் வந்தபோது புத்தி கோணலாகப் போனது. பந்தயச் சட்டப்படி வண்டி ஆயிரத்து முந்நூறு சிசியைத் தாண்டக் கூடாது. சிசி என்பது இன்ஜின் ப்ளாக்கின் நீள அகலமும் அல்ல, எடையும் அல்ல. சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிற இடம் எவ்வளவோ, அதை நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துக் கூட்டினால் வருவது. தம்பியுடையது ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. சிலிண்டரின் வாயகலம் கால் மில்லிமீட்டர் கூடினால் போதும், எல்லை தாண்டிவிடும்; அளக்கும்போது தம்பி மாட்டிக்கொள்வான். வெறுமனே தேய்த்து மெருகேற்ற வேண்டிய சிலிண்டர்களை அண்ணன் கால் மில்லி கடைந்தான். அதற்கேற்ற பிஸ்டன்களையும் தானே மாட்டி மூடிவிட்டான்.

பந்தயத்தன்றுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஜெயித்த வண்டியை மட்டுமே பிரித்து அளப்பார்கள். தம்பியோ நான்காவதாக வந்துகொண்டிருந்தான்.

"மிதிடா! அவன தாண்டுடா!" என்று அண்ணன் தொண்டை கிழியக் கத்தினான்.

"உங்களுக்கும் தம்பி மேல இவ்ளோ பாசமா?" என்று மனைவி கண் கலங்கினாள்.

தம்பி ஜெயித்தான். மேல்மூடியைக் கழற்றி அளந்த அதிகாரி நிமிர்ந்தார்.

"ஆயிரத்து முந்நூத்தேழு. யாருப்பா கடைஞ்சது?"

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அண்ணனிடம் ப்ளாக் கொடுக்கிறவர்கள். எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. கை தவறியது என்றால் நாளை முதல் எவனும் பட்டறைப் பக்கம் வர மாட்டான். வேண்டுமென்றே செய்தேன் என்றால் சொந்த வீட்டிலேயே சோறு கிடைக்காது. இதை அந்தப் பாவி முன்பே யோசித்திருக்க வேண்டும்.

"நான்தான் சார் கடையச் சொன்னேன்," என்றான் தம்பி. "அண்ணன் வேணாம்னு எவ்ளவோ சொன்னாரு."

கோப்பை போயிற்று. ஓராண்டுக்கு ஓட்டவும் தடை விழுந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"உன் கை மயிரிழைகூடத் தவறாதுண்ணே. அது எனக்குத் தெரியாதா?"

அண்ணன் தலை குனிந்தான். அதற்குள் நாலு பேர் ஓடி வந்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் ஒரு தைரியம் வேண்டுமென்று தம்பியைக் கட்டிக்கொண்டார்கள். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி கொழுந்தனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரமாக நின்ற அண்ணனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் பெயரையும் அவனே தட்டிக்கொண்டு போய்விட்டானே என்று அண்ணன் வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.